கப்பல் கிறீஸும் காடை முட்டையும்

ஒன்று தேய்ந்தது, ஒன்று தேயவில்லை

ரெஜினா மிஸ்ஸின் மோட்டார் சைக்கிளில் முன் சில்லு கிரீச்சிட்டது. பிறேக்கைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு பேட்களையும் மேசைமேல் வைத்தேன். ஒன்று பூட்டிய நாளில் இருந்த தடிப்பிலேயே இருந்தது. மற்றது முழுக்கத் தேய்ந்து வெறும் இரும்புத் தகடாகியிருந்தது.

மிஸ் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

“மாஸ்டர், ரெண்டும் ஒரே நாளில பூட்டினதுதானே? ஒண்டு மாடு மாதிரி உழைச்சிருக்கு. மற்றது கதிரையில இருந்து ரீவி பாத்திருக்கு. எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான்.”

அவர் குடும்பநல மருத்துவிச்சி. கப்பல்துறைப் பக்கம் அவருடைய பிரிவு. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். கண்டி வீதியை விட்டு இறங்கினால் கிறவல் பாதை. மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் அந்தப் பிரிவை வைத்திருக்க முடியாது.

நான் திருகோணமலையில், உள்துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் நெடுங்காலம் கராஜ் வைத்திருந்தேன். இப்போது பூட்டிவிட்டேன். பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். தொழில்நுட்பக் கல்லூரியில் சில காலம் மாலை வகுப்பு எடுத்ததால் ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் நான் நல்லவனாக வரமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தொழில் விசயம். இந்த வகை டிஸ்க் பிறேக்கில் ஒரு பக்கம்தான் பிஸ்டன் உண்டு. பிறேக்கைப் பிடித்ததும் பிஸ்டன் உள்பக்கப் பேட்டைச் சில்லோடு சுற்றும் டிஸ்க்கில் அழுத்தும். அதே நேரம் பேட்களைத் தாங்கும் கலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைட் பின்களில் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேட்டையும் இழுத்துக்கொண்டு வந்து அழுத்தும். பின்கள் இறுகிவிட்டால் கலிப்பர் நகராது. அப்போது உள்பக்கப் பேட் தனியாகக் கிடந்து தேயும், வெளிப்பக்கம் புதிதாகவே இருக்கும். கடற்காற்று அடிக்கிற எங்கள் ஊரில் இது அடிக்கடி வரும் வியாதி.

பின்களைக் கழற்றினேன். துருவைத் துடைத்தேன். என் அலுமாரியில் இருந்த நீலத் தகர ரின்னைத் திறந்து கிறீஸ் அள்ளிப் பூசி, புதுப் பேட்களைப் பூட்டினேன்.

அந்த ரின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகுச் சாமான் கடையில் வாங்கிய கிறீஸ் அது. கப்பலின் சங்கிலி, கப்பி, தண்டு எல்லாவற்றுக்கும் பூசுவது. மாதக்கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் கரையாது. நகரத்தில் வேறு எந்த மோட்டார் சைக்கிள் கராஜும் அதைப் பாவிக்கவில்லை. அதுவே எனக்குப் பெருமை. “கடலே அசைக்க ஏலாத கிறீஸ்” என்று வருகிறவர்களிடம் ரின்னைத் திறந்து காட்டுவேன். சிலர் முகர்ந்தும் பார்ப்பார்கள்.

“இனி ஒண்டும் வராது, மிஸ்,” என்றேன்.

மான்

சில கிழமைகளில் அதே சத்தத்தோடு அவர் திரும்பி வந்தார். கழற்றினேன். உள்பக்கம் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கம் ரீவி பார்த்துக்கொண்டிருந்தது.

பின்கள் மறுபடி இறுகியிருந்தன. கிறீஸ் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூடப் பூசினேன். அவர் மூன்றாம் முறை வந்தபோது என்னுடைய வேலையில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. படித்த மனிதனுக்கு வேறு எண்ணங்கள் வரும்.

“மிஸ், நீங்கள் போற றோட்டில வளைவெல்லாம் ஒரே பக்கமா இருக்கோணும். குடாவைச் சுத்தித்தானே றோட்டுப் போகுது? பாரம் எப்பவும் ஒரு பக்கம் சாயும். அதால ஒரு பேட் தேயுது.”

மிஸ் கொஞ்சம் யோசித்தார்.

“போகேக்க இடப்பக்கம் சாய்ஞ்சா வரேக்க வலப்பக்கந்தானே சாயும், மாஸ்டர்? நான் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி வாறனான்.”

“அது சிக்கலான விசயம்” என்று சொல்லி, பின்களுக்கு மேலும் கிறீஸ் பூசி அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தபோது மானைப் பிடித்தேன். எங்கள் நகரத்தில் மான்கள் மாடுகளைப் போல வீதியில் திரியும், கடைவாசலில் படுக்கும், குப்பையைக் கிளறும். மிஸ் கிளினிக் நாட்களில் வண்டியை விடும் மரத்தடியில் ஒரு கூட்டமே நிற்கும். என் விளக்கம் இதுதான்: கடற்காற்றில் டிஸ்க்கில் உப்புப் படிகிறது. மானுக்கு உப்பு ஆசை. அது வந்து டிஸ்க்கின் வெளிப்பக்கத்தை நக்குகிறது. உள்பக்கம் நாக்கு எட்டாது. நக்கிய பக்கம் வழுவழுப்பாகிவிடுவதால் வெளிப் பேட் வழுக்குகிறது. நக்காத பக்கத்தில் உள் பேட் தேய்கிறது.

இதை ஒரு மட்டைத் துண்டில் கீறியும் காட்டினேன். சில்லு, டிஸ்க், மான், நாக்கு, அம்புக்குறி. நல்ல படம். பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “மாஸ்டர் யூனிவேர்சிற்றியில சும்மா இருக்கேல்ல” என்றார்.

மிஸ் மட்டும், “மான் நக்கினதைக் கண்டனீங்களா, மாஸ்டர்?” என்று கேட்டார்.

“காணத் தேவையில்லை. விளைவில இருந்து காரணத்தை ஊகிக்கலாம்.”

அவர் என்னை நம்பினார். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கிளினிக்குக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கொண்டுபோய், பிரசவ அறையில் பிள்ளையைச் சுற்றுவது போல முன் சில்லைச் சுற்றிக் கட்டிவிட்டு வேலை பார்த்திருக்கிறார். வரிசையில் இருந்த தாய்மார், “மிஸ்ஸின்ர பைக்குக்கும் மாசமோ?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

பிறகு வந்து எனக்கு அறிக்கை தந்தார்.

“மான் விரிப்பைத் திண்டிட்டுது, மாஸ்டர். பேட் தேயிறது நிக்கேல்ல.”

நான் சொன்ன பொய்

அதன் பிறகு அவருடைய கணவர் அன்ரன் வந்தார். துறைமுகத்தில் எழுதுவினைஞர். பயந்த மனிதர். மிஸ் கிறவல் பாதையில் ஓடுவது அவருக்கு முதலில் இருந்தே பிடிக்கவில்லை. நகரத்துக் கிளினிக்கோடு நிற்கிற வேலைக்கு மாற்றம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் மறுத்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், இவ ஒவ்வொரு முறையும் பிறேக்கோட வாறா. நீங்கள் படிச்ச மனிசன். உள்ளதைச் சொல்லுங்கோ. பைக்கில பிழையா, ஓடுற ஆளில பிழையா?”

வளைவும் போய்விட்டது, மானும் போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருந்தது மிஸ் மட்டும்தான்.

“ஓடுற விதத்திலதான்,” என்றேன். “விரல் எப்பவும் பிறேக்கில கிடக்குது போல. பயத்தில பிடிச்சுக்கொண்டே ஓடுறா. சில பேர் அப்பிடித்தான்.”

இளையவர்கள் கவனிக்க வேண்டும். விரல் பிறேக்கில் கிடந்தால் இரண்டு பேட்டும் சேர்ந்தே தேயும். ஒன்று மட்டும் தேய்வதற்கு அது காரணமாகாது. இது எனக்கு அப்போதே தெரியும். அறியாமல் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். கை வேலையில் தோற்றுப்போய், ஒரு பெண்ணின் விரலில் பழியைப் போட்டேன்.

அன்ரன் முகம் தெளிந்து போனார். அவர் எதிர்பார்த்து வந்த பதில் அது.

அடுத்த நாள் மிஸ் வந்தார். எஞ்சினை நிறுத்தவில்லை, இறங்கவில்லை.

“மாஸ்டர், நான் பயத்தில ஓடுறன் எண்டு சொன்னனீங்களாம். வீட்டில பைக் திறப்பைக் கேக்கினம். மாமி எனக்காக நேர்ச்சை வைச்சிட்டா. திறப்பைக் குடுத்தா நான் என்ர பிரிவை விடோணும். அங்க எட்டு மாசக்காரி ஒருத்தி, பிறெஷர் ஏறிக்கொண்டு போகுது, நான் போய்ச் சொன்னாத்தான் குளிசை போடுவாள். அவளுக்கு நீங்கள் போய்ச் சொல்லுவீங்களா?”

நான் கையில் இருந்த ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கினேன்.

“ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன். நீங்களும் நில்லுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முட்டை விசாரணை

ஞாயிறு அவர்கள் மூவரும் கோயில் உடுப்போடேயே வந்தார்கள். மிஸ், அன்ரன், அன்ரனின் தாயார். தாயாருக்கு ஒரு கதிரை போட்டேன். அவர் செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு நீதிபதி போல அமர்ந்தார்.

மிஸ் தன் பையில் இருந்து ஒரு காடை முட்டையை எடுத்தார். கர்ப்பிணிகளுக்குச் சத்துணவு வகுப்பில் காட்டுவதற்காகக் கொண்டு திரிவது. முன் பிறேக்கின் லீவருக்கும் கைப்பிடிக்கும் இடையே அதை வைத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் விழாமல் ஒட்டினார்.

“இதோட கப்பல்துறை வரைக்கும் போய் வாறன். முன் பிறேக்கில விரல் பட்டா முட்டை உடையும். உடைஞ்சா திறப்பு உங்கட கையில. உடையாட்டி இதைப் பற்றி இனி ஒருத்தரும் கதைக்கக் கூடாது.”

“கால் பிறேக்கோட மட்டும் எப்பிடி?” என்று அன்ரன் பதறினார்.

“மெல்லமாப் போவன். மாஸ்டர் பயந்தவள் எண்டு சொன்னவர்தானே.”

முன் பிறேக் இல்லாமல் ஒருவரை வீதியில் விடுவது மெக்கானிக் செய்யும் வேலை இல்லை. நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் தடுப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொல்லத் தொடங்கினால் உண்மைக்குக் கிட்டப் போக வேண்டும். என் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மிஸ், முட்டையோடு. பின்னால் என் பழைய மோட்டார் சைக்கிளில் நானும், எனக்குப் பின்னால் நடுவராக அன்ரனும். கடைசியில் ஒரு ஓட்டோவில் அன்ரனின் தாயார், தலையை வெளியே நீட்டிச் செபித்தபடி. மிஸ் போன வேகத்தில் எங்களைச் சைக்கிளில் வந்த ஒரு பாண் வியாபாரி முந்திக்கொண்டு போனார். நாய் ஒன்று கொஞ்சத் தூரம் கூட வந்து, அலுத்துப்போய் நின்றுவிட்டது.

சீனக்குடாச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் மிஸ்ஸை மறித்தார்.

“மிஸ், ஹாண்டில்ல என்னது?”

“முட்டை.”

“தெரியுது. ஏன்?”

“நான் நல்லா ஓடுறன் எண்டு வீட்டாருக்குக் காட்டுறதுக்கு.”

பொலிஸ்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். ஓட்டோவில் இருந்த தாயார் அவருக்கும் ஒரு சிலுவை போட்டுவிட்டார். பொலிஸ்காரரின் மனைவியின் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்து பார்த்ததும் இதே மிஸ்தானாம். “முட்டை கவனம், மிஸ்,” என்று சொல்லி வீதியை மறித்து எங்களை அனுப்பிவைத்தார்.

கப்பல்துறை போய்த் திரும்பி வந்தோம். முட்டை வைத்தபடியே இருந்தது. அன்ரன் குனிந்து, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தாயார் கையால் தொட்டுப் பார்த்தார்.

“ஒரு கீறல்கூட இல்லை,” என்றார் தாயார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் சொன்னதை என் பிள்ளைகளுக்குக்கூட இதுவரை சொல்லவில்லை.

“காடை முட்டையின்ர ஓடு சைசுக்குத் தக்கன பாத்தா நல்ல பலம்,” என்றேன்.

மிஸ் பிளாஸ்டரை உரித்து முட்டையை எடுத்தார். முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். முட்டையைக் கலிப்பரில் தட்டி உடைத்து, டிஸ்க்கின் மேல் ஊற்றினார்.

சொர்ரென்றது. பாதி வழிந்து நிலத்தில் விழுந்தது. டிஸ்க்கில் ஒட்டிய பாதி எங்கள் கண் முன்னால் வெள்ளையாகி, ஓரம் சுருண்டு, வெந்து நின்றது.

“நான் பிறேக் பிடிக்கேல்ல,” என்றார் மிஸ். “அப்ப இதைப் பொரிச்சது ஆர், மாஸ்டர்?”

அன்ரனின் தாயார்தான் முதலில் வாய் திறந்தார்.

“உப்பு இல்லாமப் பொரிச்சிட்டாய், பிள்ளை.”

றப்பர்

டிஸ்க் அப்படிக் கொதிக்கிறதென்றால் பேட் எந்த நேரமும் அதில் உரசிக்கொண்டிருக்கிறது. பிடிக்காமலே பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் கலிப்பரைக் கழற்றினேன். மேல் பின் வரவில்லை. முறுக்கினேன், தட்டினேன், கடைசியில் குறட்டால் பிடித்து இழுத்தேன். பின்னோடு அதன் றப்பர் உறையும் வந்தது.

அந்த றப்பர், அளவுக்கு மிஞ்சி அவிந்த மக்கறோணி போல ஊதிப்போய் இருந்தது. அலுமாரியில் இருந்த புதிய உறை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே சாமான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. பழையது ஊதியதில் பின்னை நெரித்துப் பிடித்திருக்கிறது. அதைச் சுற்றி நீல நிறத்தில் என் கிறீஸ்.

பெற்றோலிய எண்ணெயில் செய்த கிறீஸ் பட்டால் இந்த வகை றப்பர் ஊதும். சங்கிலிக்கும் கப்பிக்கும் பரவாயில்லை, அங்கே றப்பர் இல்லை. ஸ்லைட் பின்னுக்கு றப்பருக்கென்று செய்த சிலிக்கன் கிறீஸ்தான் போட வேண்டும், அதுவும் மெல்லிதாக. மிஸ் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் நான் வியாதியை இன்னும் கொஞ்சம் கூடப் பூசியே அனுப்பியிருக்கிறேன்.

“என்ன மாஸ்டர், காரணம் பிடிபட்டுதா?” என்று அன்ரன் கேட்டார்.

“றப்பர் தரமில்லை,” என்றேன். “இப்ப வாற சாமான் எல்லாம் இப்பிடித்தான்.”

இதைச் சொல்லிவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். மிஸ்ஸிலும் பிழை இல்லை, என்னிலும் பிழை இல்லை, எங்கோ தூரத்தில் ஒரு தொழிற்சாலையில் பிழை. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அன்ரன் தலையை ஆட்டினார். பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

“அப்ப உன்னில பிழையில்லை, ரெஜினா. நான் சொன்னது பிழை. ஆனா பைக்கே சரியில்லை எண்டு மாஸ்டர் சொல்லுறார். பிறேக் தன்ர பாட்டில பிடிக்குமெண்டா இது மனிசர் ஓடுற சாமானே? நாளைக்கே குடுத்திடுவம். நீ மாற்றத்துக்கு எழுது.”

இந்த முறை மிஸ் சண்டைக்குப் போகவில்லை. அவரிடம் இன்னொரு முட்டை இல்லை. திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கழற்றிப் போட்ட கலிப்பரைப் பார்த்தபடி நின்றார். பிறகு திறப்போடு அவர் கை அன்ரனின் பக்கமாக நீண்டது.

“பைக்கில பிழையில்லை,” என்றேன்.

குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. நீல ரின்னை எடுத்து நடுவில் வைத்தேன்.

“இது போடக்கூடாத கிறீஸ். நான்தான் போட்டனான். ஒவ்வொரு முறையும் நான்தான் போட்டனான். றப்பரிலயும் பிழையில்லை. மிஸ் பிறேக்கில விரல் வைச்சு ஓடுறா எண்டு சொன்னதும் பொய். அப்பிடி ஓடினா ரெண்டு பேட்டும் தேயும். அது தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்.”

“மானும்?” என்றார் அன்ரன்.

“மானும் பொய்தான்.”

“என்ர விரிப்பு,” என்றார் அவருடைய தாயார். அப்போதுதான் அந்த விரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

அன்ரன் என்னை நன்றாக ஏசினார். பயந்த மனிதர் ஏசினால் இடையில் நிறுத்தத் தெரியாது. படித்த மனிதன் என்று நம்பினேன், நீ படித்தது இதற்குத்தானா என்று கேட்டார். அதுவரை நீங்கள் என்று கதைத்தவர் நீ என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன். பின்களைச் சுத்தம் செய்து, புதிய உறை மாட்டி, பக்கத்துக் கடையில் சிலிக்கன் கிறீஸ் வாங்கி வந்து பூசிக் கலிப்பரைப் பூட்டினேன். முன் சில்லைத் தூக்கி ஒரு விரலால் தட்டினேன். அது சத்தமில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அன்ரனின் ஏச்சுக் குறைந்தது. திறப்பு மிஸ்ஸின் கையிலேயே இருந்தது.

வீடு வீடாக

அவர் போய்விடுவார், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். கணவரையும் மாமியையும் ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மிஸ் திரும்பி வந்தார்.

“மாஸ்டர், இதே கிறீஸை வேற ஆரின்ர பைக்குக்குப் போட்டனீங்கள்?”

அந்தக் கேள்வியை நான் அதுவரை என்னிடமே கேட்கவில்லை. என் மானம் போனதைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“டிஸ்க் பிறேக்கோட வந்த எல்லாருக்கும்.”

“கப்பல்துறைப் பக்கம்?”

“கனபேர். முகம் தெரியும். வீடு தெரியாது.”

“வீடு எனக்குத் தெரியும்,” என்றார் மிஸ். “ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு நாளைக் காலமை நில்லுங்கோ.”

அடுத்த நாள் காலை ஸ்பானர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவிச்சியின் பின் சீற்றில் ஏறினேன். அவர் உள்ளே பிள்ளையை நிறுக்கும்போது நான் முற்றத்தில் தகப்பனுடைய மோட்டார் சைக்கிளைக் கழற்றினேன். முதல் வீட்டு வாசலிலேயே மிஸ் என்னை அறிமுகப்படுத்தினார்.

“இவர்தான் மாஸ்டர். உங்கட பிறேக்கைப் பழுதாக்கினவர். திருத்த வந்திருக்கிறார். ஒரு கதிரை குடுங்கோ, வயசு போன மனிசன்.”

ஒவ்வொரு வீட்டிலும் இதே வசனம். சில வீட்டில் ஏச்சு, சில வீட்டில் தேத்தண்ணி, ஒரு வீட்டில் இரண்டும். எட்டு மாசக்காரியின் வீட்டில் அவளுடைய கணவனின் மோட்டார் சைக்கிள் பின்னும் இறுகித்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவளை ஏற்றிப் போக அந்த வீட்டில் இருந்த ஒரே வாகனம் அது. அந்தப் பின்னை இரண்டு முறை துடைத்துப் பூட்டினேன். உள்ளே மிஸ் அவளைக் குளிசைக்காக வெருட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

இளையவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பேட் ஒரு பக்கம் தேய்ந்து வந்தால் ஓடுகிறவரை விசாரிக்க வேண்டாம். பின்னைக் கழற்றுங்கள், றப்பரைப் பாருங்கள், கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று கேளுங்கள். அது நீங்களாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிந்தினால், சொல்ல வேண்டிய வீடுகள் கூடிக்கொண்டே போகும்.

அன்று பின்னேரம் திரும்பி வரும்போது சந்தியில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. எனக்கு முன்னால் இருந்த மிஸ் சட்டென்று பிறேக்கைப் பிடித்தார். வண்டி நேராக நின்றது. என் வலது கால் தன்பாட்டில் இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

“காலை எடுங்கோ, மாஸ்டர்,” என்றார் மிஸ், திரும்பிப் பார்க்காமலே. “ஓடுறது நான்.”